காரணம்: தூரம்

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
குலசேகரம் கிளைக்கு இந்தக் காலாண்டில்
ஐந்துக்கு நான்கு புள்ளி இரண்டு.
போன தடவை மூன்று புள்ளி ஆறு.
வாடிக்கையாளர் திருப்தி உயர்ந்ததற்கான காரணங்களை
ஐந்து வரிக்கு மிகாமல் எழுதி அனுப்பவும்.

சஜிகுமார் சார் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார்.
எழுதும் வேலையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஏசி. ஆமாம்.
நீல நாற்காலி பதினாறு.
முன்பு ஒரே பெஞ்சு, இந்த முனையில் ஆள் எழுந்தால்
அந்த முனையில் இருப்பவர் தரைக்கு வருவார்.
டோக்கன் இயந்திரம்.
அதிலுள்ள பெண்ணுக்கு ழகரம் வராது.
"ஏலு" என்பாள், வரிசை சிரிக்கும்,
சிரித்தவர்கள் இன்னும் பத்து நிமிடம் பொறுப்பார்கள்.
நான்காவது, கவுண்டருக்குப் புதுக் கண்ணாடி.
ஓட்டை இல்லாத கண்ணாடி, உள்ளே மைக்.

வசந்தபாய் பால்வெட்டு முடிந்து
பதினொன்றரைக்கு வருவாள்.
விரலெல்லாம் ரப்பர்பால் காய்ந்து
இன்னொரு தோலாக ஒட்டியிருக்கும்.
ரேகை இயந்திரம் மூன்று முறை அவளைத் தெரியாது என்னும்.
பெருவிரலைப் பல்லால் உரிப்பாள்,
வெள்ளைச் சுருளைத் துப்பிவிட்டு மீண்டும் வைப்பாள்.
பச்சை விளக்கு.

"எத்தற கெடக்கு பிள்ளே?"

பாஸ்புக்கில் அச்சடித்துக் கையில் கொடுத்தாலும் கேட்பாள்.
ஒரு மனுஷ வாய் சொல்ல வேண்டும்,
அதுவும் பைய.
பழைய கண்ணாடியில் காசு போகும் ஓட்டைக்கு
அவள் காதைக் கொண்டுவருவாள்,
நான் வாயைக் கொண்டுபோவேன்.
பாவசங்கீர்த்தனம் கேட்கிற அச்சன் நான்தான் என்று
ஒருநாள் சொன்னதற்குத் தோளில் தட்ட முடியாமல்
கண்ணாடியைத் தட்டினாள்.
இருபத்தொன்பதாயிரத்து நானூறு என்றால்
"ம்" என்பாள்.
அவ்வளவுதான். போய்விடுவாள்.

ஆனி மழை. சர்வர் படுத்துவிட்டது.
நாற்பத்தேழு டோக்கன், ஈரக்குடை நாற்றம்.
அவள் பழக்கத்தில் குனிந்தாள்,
காதை வைக்க இடமில்லை.
நான் பொத்தானை அமுக்கிச் சொன்னேன்.
அறுபத்திரண்டாயிரத்து எழுநூறு.
ஏசி வரைக்கும் கேட்டது.
மூன்றாம் வரிசை நீல நாற்காலியில்
அவள் கொழுந்தன் வின்சிலால்
போனிலிருந்து தலையைத் தூக்கினான்.
தப்பாக ஒன்றும் செய்யவில்லை. சிரித்தான்,
"மயினி, மழ விட்டப்பொறவு போலாம், ஆட்டோல விடுதேன்" என்றான்.

அன்றைக்கு "ம்" வரவில்லை.

எட்டு நாள் கழித்துக் கணக்கை முடிக்க வந்தாள்.
மழையில் வெட்டில்லை, விரல் சுத்தமாக இருந்தது.
இயந்திரம் முதல் தடவையே அவளைத் தெரியும் என்றது.
இருந்தது ஆயிரத்து நூறு.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
தானே எழுதினாள், எழுத்துக்கூட்டி:
தூரம்.

ரேஷன் கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு அவளுடையது.
அவள் சேவல் கூவினால்
என் கவுண்டரில் கேட்கும்.
இப்போது அருமனைக்குப் பஸ் ஏறுகிறாளாம்.

கணக்கு முடித்தவர்களுக்குக்
கருத்துக் கேட்கும் போன் போவதில்லை.
ஆகவே நான்கு புள்ளி இரண்டு.

மைக்கில் சத்தம் குறைக்கும் திருகு எங்கே என்று
கம்பெனிப் பையனிடம் கேட்டேன்.
அப்படி ஒண்ணு கிடையாது மேடம் என்றான்.
அதனால் துண்டுச்சீட்டுகள் கிழித்து வைத்திருக்கிறேன்.
தொகையை எழுதி, கவிழ்த்து, அடியில் தள்ளுகிறேன்.

டோக்கன் அறுபத்தி ஏலு.
பீர்க்கண்ணு சாயிபு.
மகன் தம்மாமிலிருந்து முதல் சம்பளம் அனுப்பியிருக்கிறான்.
சீட்டைத் திருப்பிப் பார்த்தார்,
திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார்,
சீட்டை எனக்கே தள்ளினார்.
"இதென்ன மேடம் ரகசியம்?
அந்த மைக்கப் போட்டுச் சொல்லுங்க."

சொன்னேன்.
இன்னொரு தடவை என்றார்.

ஐந்தாவது வரி இன்னும் எழுதவில்லை.